ஏகாதசியின் பொருள் துவாதசியில்

வாலாஜாபேட்டையில் எங்கள் தெருவில் ஏகாதசி என்று வருகிறது என்பதை அறிய நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. அன்று மாலை அகத்திக்கீரைக் கட்டுகளுடன் கூடைக்காரர்கள் வந்துவிடுவார்கள். மறுநாள் துவாதசி விடியலில் விரதம் முடிப்பவர்களுக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் வேண்டும். மற்ற நாள்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் கீரைக்கு அன்றைக்கு மட்டும் தனி மதிப்பு. வைகுண்ட ஏகாதசி என்றால் சொல்லவே வேண்டாம். இருட்டுவதற்குள் கூடை காலியாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகுண்ட ஏகாதசி இரவில் எங்கள் வீட்டில் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. என் தாயாருக்கு அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தது. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவருபவர். முந்தைய நாள் தசமி இரவே உணவைத் தவிர்த்துவிட்டார். ஏகாதசியன்று துளசி தீர்த்தத்தைத் தவிர வேறொன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாத்திரையை விடக் கூடாது என்று மருத்துவர் எப்போதோ சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கியிருக்கிறார்.

இரவு கண் விழிப்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பெண்களுடன் பரமபதம் ஆடிக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்கு மேல் உடல் வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. மார்கழிக் குளிரில் புடவை நனையும் அளவுக்கு வியர்வை என்றதும் பயந்துபோய் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்தினார்கள். சிறிது நேரத்தில் கண் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஏகாதசி கெட்டுப்போச்சா?" என்பதுதான்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் ஆற்காட்டை அடுத்த மேல்விஷாரத்தைச் சேர்ந்தவர். "எங்க அம்மாவோடயும் ரமலான் வந்தா இதே சண்டைதாம்மா. உடம்பு முடியாதவங்களுக்கு நோன்பு கடமை இல்லைன்னு மார்க்கமே சொல்லுது. அவங்க கேட்கறதில்லை. உங்க சாஸ்திரத்துல என்ன சொல்லியிருக்குன்னு வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. வீடு திரும்பிய பிறகு அந்தக் கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியனான என்மேல் விழுந்தது. தேடியதில் அறிந்துகொண்டவற்றையே இங்கே பகிர்கிறேன்.

முதலில், ஏகாதசி என்பது என்ன? வானத்தில் சூரியனிடமிருந்து சந்திரன் விலகும் தொலைவை அளந்து வகுத்ததே திதி. ஒவ்வொரு 12 பாகைக்கும் ஒரு திதி. அமாவாசையிலிருந்து கணக்கிட்டால் 120 பாகையிலிருந்து 132 பாகை வரை சந்திரன் கடக்கும் காலம் வளர்பிறை ஏகாதசி. பௌர்ணமியிலிருந்து அதே கணக்கில் வருவது தேய்பிறை ஏகாதசி. மாதத்துக்கு இரண்டாக ஆண்டுக்கு 24 ஏகாதசிகள். ஏறத்தாழ 33 மாதங்களுக்கு ஒருமுறை சாந்திரமானக் கணக்கில் அதிக மாதம் ஒன்று சேரும்போது மேலும் இரண்டு கூடும்.

சந்திரனின் வேகம் நாளுக்கு நாள் மாறுவதால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியலாம்; 26 மணி நேரத்துக்கும் நீளலாம். சூரிய உதயத்தோடு அது தொடங்குவதும் இல்லை, முடிவதும் இல்லை. அதனால்தான் சில மாதங்களில் நாள்காட்டியில் 'ஸ்மார்த்த ஏகாதசி' என்று ஒரு நாளும், 'வைஷ்ணவ ஏகாதசி' என்று அடுத்த நாளும் அச்சிடப்படுகின்றன. ஸ்மார்த்தர்கள் பொதுவாகச் சூரிய உதயத்தின்போது ஏகாதசி திதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வைணவர்கள் அதற்கு நான்கு நாழிகை முன்னதாக, அதாவது 96 நிமிடங்களுக்கு முன்பிருந்தே, தசமி கலவாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கலந்திருந்தால் விரதம் மறுநாளுக்குப் போய்விடும். இரு தரப்புக்கும் வானம் ஒன்றே. விடியல் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

மார்கழி மாத வளர்பிறையில் வருவது வைகுண்ட ஏகாதசி. மார்கழி சூரியனின் கணக்கு. ஏகாதசி சந்திரனின் கணக்கு. இரண்டும் சேர்ந்து நாளைக் குறிப்பதால், 2024-ஆம் ஆண்டில் வைகுண்ட ஏகாதசியே வரவில்லை. 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என இரு முறை வந்தது. ஸ்ரீரங்கத்தில் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை, தை மாத உற்சவத்தோடு மோதாமல் இருக்க, கார்த்திகையிலேயே இவ்விழாவைக் கொண்டாடிவிடுவார்கள். 2021 டிசம்பர் 14 அன்று அப்படித்தான் நடந்தது. 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறத்தாழச் சமம் என்ற வானியல் உண்மை இந்தக் கோயில் வழக்கத்துக்குள் இருக்கிறது.

நாளைப் பற்றி இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட முன்னோர், உணவைப் பற்றி மட்டும் 'சாப்பிடாதே' என்ற ஒற்றைக் கட்டளையோடு நிறுத்திவிட்டார்களா? இல்லை. 'உபவாசம்' என்ற சொல்லுக்கு 'அருகில் வசித்தல்' என்பது பொருள். இறைவனுக்கு அருகில் இருத்தல் என்று விளக்குவார்கள். அறிபுலன்கள் ஐந்து, செயற்புலன்கள் ஐந்து, மனம் ஒன்று ஆகப் பதினொன்றையும் ஒரு நாள் அடக்கி ஒருமுகப்படுத்துவதே பதினோராம் திதியின் விரதம் என்றும் சொல்வார்கள். வயிறு அந்தப் பதினொன்றிலும் தனியாக எண்ணப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டினி ஒரு கருவி; அதுவே இலக்கு ஆகாது.

விரதத்திலும் படிகள் உண்டு. நீரும் அருந்தாதிருப்பது மிகக் கடுமையானது. நீர் மட்டும் அருந்துவது, பாலும் பழமும் கொள்வது, ஒரு வேளை மட்டும் உண்பது என்று அவரவர் உடலுக்கு ஏற்ப அது இறங்கி வருகிறது. இன்று நாம் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் வழங்கும் 'பலகாரம்' என்ற சொல், பழ உணவு என்ற பொருள்கொண்ட 'பலாஹாரம்' என்பதிலிருந்து வந்தது. விரத நாளில் சோற்றுக்குப் பதிலாகக் கொள்ளும் எளிய உணவுக்கு வழங்கிய சொல், காலப்போக்கில் எண்ணெய்ச் சட்டிக்கு இடம் பெயர்ந்துவிட்டது. சோறு இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி ரவை உப்புமாவையும் பூரியையும் மற்ற நாளைவிடக் கூடுதலாக உண்ணும் வீடுகளும் உண்டு. எங்கள் வீடும் ஒரு காலத்தில் அதில் அடக்கம்.

எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் எண்பது வயதைக் கடந்தவர்களுக்கும் ஏகாதசி உபவாசம் கட்டாயமில்லை என்பது தரும சாஸ்திர மரபு. நோயுற்றவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் விலக்கு உண்டு. மகாபாரதத்தின் உத்யோக பருவத்தில் விதுரர் திருதராட்டிரனுக்குக் கூறும் நீதிகளிடையே ஒரு பட்டியல் வருகிறது. விரதத்தைக் கெடுக்காத பொருள்கள் எட்டு என்கிறார் அவர். நீர், கிழங்கு, பழம், பால், வேள்வியில் இடும் அவி, அந்தணரின் விருப்பம், குருவின் சொல் ஆகியவற்றோடு எட்டாவதாக அவர் சேர்ப்பது மருந்து.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மருந்துன்னா மாத்திரை மட்டுமா, மாத்திரைக்கு முன்னாடி சாப்பிடச் சொல்றதும் மருந்தா?" என்று கேட்டார். அந்த மருத்துவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மாத்திரையோடு சேர்த்து விதிக்கப்பட்ட உணவும் மருந்தின் பகுதிதான் என்றேன்.

ஏகாதசியின் முழுப் பொருளையும் நான் உணர்ந்தது பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் வரும் அம்பரீஷன் கதையில்தான். ஓராண்டு விரதம் இருந்து, துவாதசியன்று அதை முடிக்கப் போகிறான் அரசன். அந்த வேளையில் துர்வாச முனிவர் விருந்தினராக வருகிறார். உணவுக்கு அழைத்ததும் ஏற்றுக்கொண்டு, நீராடிவிட்டு வருவதாகச் சொல்லி ஆற்றுக்குப் போகிறார். நேரம் கடக்கிறது, முனிவர் வரவில்லை. துவாதசி முடிவதற்குச் சில நிமிடங்களே இருக்கின்றன.

துவாதசிக்குள் உண்ணாவிட்டால் விரதம் பழுதாகும். விருந்தினருக்கு முன் உண்டால் விருந்தறம் பழுதாகும். கற்றறிந்தோரைக் கலந்து ஆலோசித்த அரசன், ஒரு வாய் நீர் மட்டும் அருந்துகிறான். நீர் அருந்துவது உண்டதாகவும் கொள்ளப்படும். உண்ணாததாகவும் கொள்ளப்படும் என்பது அவர்கள் சொன்ன தீர்வு. திரும்பி வந்த முனிவர் சினந்து ஏவிய தீச்சக்தியைத் திருமாலின் சக்கரம் அழித்து, முனிவரையே துரத்துகிறது. மூவுலகும் ஓடியும் காப்பாற்றுவார் இல்லாமல், கடைசியில் அவர் அம்பரீஷனிடமே வந்து அடைக்கலம் புகுகிறார். அவர் திரும்பி வரும்வரை ஓராண்டுக் காலம் அந்த நீரைத் தவிர வேறு உணவு கொள்ளாமல் காத்திருந்த அரசன், முனிவரை முதலில் உண்ணச் செய்துவிட்டுத்தான் தான் உண்கிறான்.

இந்தக் கதையைப் பக்தியின் வலிமைக்குச் சான்றாகவே பெரும்பாலும் சொல்கிறோம். அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உண்ணாமல் இருப்பது எப்படி விதியோ, உரிய நேரத்தில் உண்பதும் அப்படியே விதி. துவாதசி கடந்தும் பட்டினியை நீட்டுவது சிறப்பாகக் கருதப்படவில்லை, குறையாகவே கருதப்பட்டது. 'பாரணை' என்று அழைக்கப்படும் அந்த உணவு, விரதத்துக்குப் பிந்தைய நிகழ்ச்சி அன்று. விரதத்தின் கடைசி அங்கம். அதையும் தனியாக உண்ணாமல், இன்னொருவருக்கு இட்ட பிறகே உண்ண வேண்டும் என்பதற்கு அம்பரீஷனே எடுத்துக்காட்டு.

எங்கள் ஊருக்குக் கிழக்கே, காவேரிப்பாக்கத்தை அடுத்துத் திருப்பாற்கடல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் ஆவுடையாரின் மேல் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். அதற்கும் ஒரு வைகுண்ட ஏகாதசிக் கதையைத் தலபுராணம் சொல்கிறது. அந்நாளில் பெருமாளைத் தேடி வந்த புண்டரீக மகரிஷி, உள்ளே இருப்பது சிவலிங்கம் என்று கண்டு திரும்புகிறார். முதியவர் ஒருவர் அவரை மீண்டும் உள்ளே அழைத்துச் செல்ல, அங்கே ஆவுடையாரின் மேல் திருமாலே நிற்கிறார். புனிதமான நாளன்று புனிதர் ஒருவரே தவறான வாசல் என்று நினைத்து வெளியேறினார் என்பதுதான் இக்கதையில் என்னைக் கவர்வது. எந்த வாசல் சொர்க்க வாசல் என்பது நாம் எண்ணுவதுபோல் அவ்வளவு தெளிவான செய்தியாக இல்லை.

சொர்க்க வாசலைப் பற்றிப் பேசும்போது ஒரு வேதனையைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட துவார தரிசன டோக்கன் பெறுவதற்காகத் திருப்பதியில் திரண்ட கூட்ட நெரிசலில் சிக்கி ஆறு பேர் உயிரிழந்தனர். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசியன்று திறக்கும் பரமபத வாசல் இராப்பத்து நாள்களிலும் திறந்திருக்கிறது. திருமலையிலும் சில ஆண்டுகளாகப் பத்து நாள்கள் திறந்து வைக்கிறார்கள். ஆனாலும் முதல் நாளில், முதல் மணி நேரத்தில், மற்றவர்களுக்கு முன்பாக நுழைய வேண்டும் என்ற வேட்கை தணிவதில்லை. நிர்வாகம் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன; அவற்றைச் செய்தாக வேண்டும். பக்தர்களாகிய நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதினொரு புலன்களையும் அடக்கும் நாளில் முந்த வேண்டும் என்ற ஒரு விருப்பத்தை அடக்க முடியவில்லை என்றால், சோற்றை மட்டும் அடக்கியதால் என்ன பயன்?

அதேபோல, விரதத்துக்கு அறிவியலின் சான்றிதழைத் தேடி அலையும் போக்கும் பெருகிவிட்டது. ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி, செல்கள் தம் கழிவுகளைத் தாமே சிதைத்து மறுபயன்பாடு செய்யும் முறையைக் கண்டறிந்ததற்காக 2016-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஏகாதசி விரதத்தை நிரூபித்துவிட்டார் என்ற செய்தி கைப்பேசிகளில் ஆண்டுதோறும் வலம் வருகிறது. அவர் அடிப்படை ஆய்வு செய்தது ஈஸ்ட் என்ற நுண்ணுயிரியில். ஏகாதசி அவருடைய ஆய்வில் இல்லை. இடைவெளி விட்டு உண்பதன் நன்மை தீமைகளை மருத்துவ உலகம் ஆராய்ந்துவருகிறது, அது வேறு. பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் ஒரு விரதத்துக்குப் பொய்யான முட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

உண்மையான மருத்துவ அறிவுரை எளிமையானது. இன்சுலின் எடுப்பவர்களும், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்களும் உண்ணாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். விரதத்துக்குச் சில நாள்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இடையில் சோதித்துப் பார்த்துச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் உடனே இனிப்பு உண்டு விரதத்தை முடித்துவிட வேண்டும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால் சோதனைக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. ரமலான் நோன்பு நோற்கும் சர்க்கரை நோயாளிகளுக்காக உலக நீரிழிவு அமைப்பினர் இத்தகைய வழிகாட்டுதல்களை விரிவாக வகுத்திருக்கிறார்கள். ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் சோமவாரத்துக்கும் நம்மிடையே அப்படி ஒரு வழக்கம் உருவாகவில்லை. விரதத் தேதிகளை அச்சிடும் நாள்காட்டிகள், அதன் அருகில் இரண்டு வரிகளில் இதையும் அச்சிட்டால் பல உயிர்கள் காப்பாற்றப்படலாம்.

இதில் பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை தோல், காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் கணிசமானோர் பெண்கள். எங்கள் தெருமுனையில் விடிவதற்கு முன்பே கம்பெனிப் பேருந்து வந்து நிற்கும். ஏகாதசியன்றும் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்து, மாலையில் கோயில் வரிசையில் நின்று, இரவில் கண் விழித்து, துவாதசி விடியலில் குடும்பத்துக்கே பாரணைச் சமையல் முடித்துவிட்டு மீண்டும் பேருந்து ஏறும் பெண்களைப் பார்க்கிறேன். விரதத்தின் புண்ணியத்தைக் குடும்பம் பங்கிட்டுக்கொள்கிறது. வேலையைப் பங்கிட்டுக்கொள்வதில்லை. துவாதசியன்று அகத்திக்கீரை ஆய்ந்து கொடுப்பது ஆண்கள் செய்யக் கூடாத செயல் என்று எந்த சாஸ்திரத்திலும் நான் காணவில்லை.

பசியைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றலைப் பெரிதெனப் போற்றும் வள்ளுவர், ஈகை அதிகாரத்தில் அதற்கும் மேலான ஒன்றைச் சொல்கிறார். பிறர் பசியைத் தீர்ப்பவரின் ஆற்றலுக்குப் பிற்பட்டதே நோற்பவரின் ஆற்றல் என்பது அவர் கருத்து. நோய் குணமாகாதென்று நோன்பு நோற்க இயலாதவர், அதற்கு ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும் என்று இஸ்லாம் விதிப்பதையும் அந்த மருத்துவரே எங்களுக்குச் சொன்னார். மேல்விஷாரத்துக்கும் வாலாஜாவுக்கும் இடையே பாலாறு இருக்கிறது. இந்தக் கருத்துக்கு அது குறுக்கே நிற்கவில்லை.

என் தாயார் இப்போதும் ஏகாதசியை விடவில்லை. மருத்துவர் மாற்றி எழுதிக் கொடுத்த மாத்திரையைக் குறித்த நேரத்தில் பாலோடும் பழத்தோடும் எடுத்துக்கொள்கிறார். கண் விழிப்பதை இரவு பத்து மணியோடு நிறுத்திக்கொள்கிறார். கீரையை நான் ஆய்ந்து தருகிறேன். துவாதசி விடியலில் முதல் தட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைப்பதில்லை. எதிர்வீட்டிலிருந்து காலணித் தொழிற்சாலைக்குக் கிளம்பும் பெண்ணை, பேருந்து வருவதற்குள் உள்ளே அழைத்துச் சோறும் அகத்திக்கீரைப் பொரியலும் நெல்லிக்காய்ப் பச்சடியும் இடுகிறார். அவள் கை கழுவிவிட்டு ஓடிய பிறகுதான் அம்மா தன் இலையில் அமர்கிறார்.

ஏகாதசி கெட்டுப்போச்சா என்று அதன்பின் அவர் கேட்டதில்லை.